எங்கள் வீட்டு வேதாளங்கள்

பாகற்காயின் கசப்பைக் குறைப்பது எப்படி என்று இரண்டு இதழ்களுக்கு முன்னால் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களுக்கு நடுவில், பாகற்காயைப் பற்றி ஒரு வரிகூட இல்லாமல் ஒரு கடிதம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். அவருடைய பெண் பிளஸ் டூ படிக்கிறாளாம். கணக்கு நோட்டின் பின்பக்கமெல்லாம் இறக்கை முளைத்த பாம்பு, மூன்று கண் ராட்சசி, ஆகாசத்தில் மிதக்கிற ஊர். இதையேதான் படிப்பேன், இதையேதான் தொழிலாகச் செய்வேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாளாம். அவள் அப்பாவோ, "பேய் பிசாசு படம் போட்டா எவன் சோறு போடுவான்?" என்கிறாராம். "உங்கள் பெண்ணும் இப்படி வரைகிறவள் என்று முன்பு ஒரு தடவை எழுதியிருந்தீர்களே, நான் யார் பக்கம் பேசட்டும்? ஒளிக்காமல் சொல்லுங்கள்" என்று கேட்டிருக்கிறார்.

பரீட்சை முடிந்தால் விண்ணப்பம் போடும் காலம் வந்துவிடும். அதனால் இந்தத் தடவை சமையலைத் தள்ளி வைத்துவிட்டு இதையே எழுதிவிடுகிறேன்.

முதலில் அந்த அப்பாவின் கேள்வி. பேய் படம் சோறு போட்டிருக்கிறது. நம் ஊரிலேயே போட்டிருக்கிறது. "அம்புலிமாமா"வில் விக்கிரமாதித்தன் ஒரு கையில் வாளோடு, தோளில் பிணத்தைச் சுமந்து சுடுகாட்டில் நடப்பாரே, அந்தப் படத்தை மறந்தவர்கள் உண்டா? 1947 ஜூலையில் தொடங்கிய பத்திரிகை அது. அந்தப் படத்தை வரைந்த சங்கர், முழுப்பெயர் கே.சி. சிவசங்கரன், சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர். ஐம்பதுகளின் தொடக்கத்தில் அங்கே வேலைக்குச் சேர்ந்து, ஆயுசில் பெரும்பகுதியை வேதாளத்தோடும் ராஜகுமாரிகளோடுமே கழித்தார். 2020-ல் காலமானபோது அவருக்கு 96 வயது. மறு வருஷம் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். இருக்கும்போதே கொடுத்திருக்கலாம், அது வேறு விஷயம்.

ஆனால் சகோதரி, ஒன்றைக் கவனிக்க வேண்டும். சங்கருக்கு மாதச் சம்பளம். ஒரே முதலாளி, ஒரே ஆபீஸ். இன்றைக்கு இந்த வேலை செய்கிற பிள்ளைகளில் பலருக்கு அப்படி இல்லை. ஒரு நாவலுக்கு அட்டைப்படம், ஒரு விளையாட்டுக்குச் சீட்டுப் படங்கள், ஒரு கம்ப்யூட்டர் கேமுக்கு ராட்சசர்கள் என்று ஒவ்வொன்றும் தனித்தனி ப்ராஜெக்ட். முடிந்தால் அடுத்ததைத் தேட வேண்டும். வீட்டிலிருந்து ரவிக்கை தைத்துக் கொடுக்கிறவர்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகப் புரியும்.

இப்படித் துண்டு வேலையாகச் செய்து குடும்பத்தைத் தாங்கிய ஒரு அம்மாவைப் பற்றி என் பெண் அடிக்கடி சொல்வாள். அமெரிக்காவில் சிகாகோ நகரத்தைச் சேர்ந்த மார்கரெட் பிரண்டேஜ், 1900-ல் பிறந்தவர். உலகமே வேலையில்லாமல் திண்டாடிய 1930-களில் ஒரு மகனையும் நோயாளித் தாயாரையும் காப்பாற்ற வேண்டிய பொறுப்பு அவர் தலையில். கணவருடைய வருமானத்தை நம்பிக் குடித்தனம் நடத்த முடியாத நிலை. "வியர்ட் டேல்ஸ்" என்கிற மாயமந்திரக் கதைப் பத்திரிகைக்கு 1932-லிருந்து அட்டைப்படம் போட ஆரம்பித்தார். ஒரு படத்துக்கு 90 டாலர். அந்தக் காலத்துக்கு அது நல்ல காசு. மொத்தம் 66 அட்டைகள். "எம். பிரண்டேஜ்" என்று கையெழுத்துப் போட்டதால், வரைவது ஒரு பெண் என்றே வாசகர்களுக்குக் கொஞ்ச காலம் தெரியவில்லையாம். அட்டைகளில் பெண்களை அரைகுறை உடுப்போடு நிறுத்தியிருப்பார். நான் என்னவோ கூடத்தில் மாட்ட மாட்டேன். ஆனால் விற்றது அதுதான், வீட்டில் அடுப்பு எரிந்ததும் அதனால்தான்.

கதை அதோடு முடியவில்லை. 1938-ல் பத்திரிகை கை மாறி நியூயார்க்குக்குப் போய்விட்டது. அவர் வரைந்ததோ பேஸ்டல் என்கிற வண்ணக்கட்டியில். தொட்டால் கலைந்துவிடும், அவ்வளவு தூரம் அனுப்புவது கஷ்டம். வேலை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துபோய், 1976-ல் அவர் இறந்தபோது ஏழையாகத்தான் இறந்தார். சங்கர் கதையை மட்டும் சொல்லி இதை மறைத்தால் நான் ஒளித்ததாகிவிடும்.

இனி எங்கள் வீட்டு நடப்பு. என் பெரிய பெண் நாலு வருஷம் ஓவியக் கல்லூரியில் படித்துவிட்டு இரண்டு வருஷமாக வீட்டிலிருந்தே வேலை செய்கிறாள். மாடியறையில் ஒரு கம்ப்யூட்டர், பேனாவால் எழுதுகிற மாதிரி ஒரு பலகை. "நாள் பூரா உக்காந்து பொம்மை போடறா" என்று என் ஓரகத்தி சொல்லிக்கொண்டிருந்தார். ஒருநாள் அவரையே பக்கத்தில் உட்கார வைத்தேன். மத்தியானமே போதுமென்று எழுந்துவிட்டார்.

எடுத்த எடுப்பில் வர்ணம் அடிக்கிற வேலை இல்லை இது. கதையைப் படித்து, தபால்தலை அளவில் பத்துப் பன்னிரண்டு குட்டிப் படங்கள் கிறுக்குவாள். கேட்டவர்கள் அதில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பார்கள். பிறகு கோட்டுப் படம், பிறகு வெளிச்சமும் நிழலும், கடைசியில்தான் வர்ணம். நடுவில் "ராட்சசிக்கு வயசைக் கூட்டுங்கள்", "குறையுங்கள்" என்று திருத்தங்கள். மாப்பிள்ளை வீட்டார்கூட அத்தனை தடவை மனசு மாற மாட்டார்கள்!

இல்லாததை வரைவதற்கு, இருப்பதை எவ்வளவு பார்க்க வேண்டியிருக்கிறது தெரியுமா? பறக்கும் நாகத்தின் இறக்கைக்கு வௌவால் இறக்கை. தோலுக்கு எங்கள் முருங்கை மரத்து ஓணான். விண்கலத்தின் இயந்திரத்துக்காக என் பித்தளை இடியாப்ப நாழியையும் குக்கரின் மூடியையும் எல்லாப் பக்கமும் போட்டோ எடுத்தாள். ஒரு சூனியக்காரியின் கைக்காக என் மாமியாரை விளக்கு வெளிச்சத்தில் கையைத் தூக்கிக்கொண்டு நிற்க வைத்தாள். "என் கை அவ்வளவு கிழடாவா இருக்கு?" என்று அவருக்குக் கொஞ்சம் மனஸ்தாபம். அட்டை அச்சாகி வந்த பிறகு, வருகிறவர்களிடமெல்லாம் எடுத்துக் காட்டுகிறவரும் அவர்தான். நம் கோயில் தூண்களில் சிங்க உடம்பும் துதிக்கையுமாக யாளி நிற்கிறதே, அதைச் செதுக்கிய சிற்பியும் சிங்கத்தையோ யானையையோ இப்படித்தான் உற்றுப் பார்த்திருப்பார்.

விஞ்ஞானக் கதை என்றால் இன்னும் சிரமம். செவ்வாய் கிரகத்தில் சூரியன் மறைகிற காட்சி ஒன்றை வரைந்தாள். சூரியனைச் சுற்றி நீலமாகப் பூசியிருந்தாள். "சாயங்கால வானம் செவப்பா இருக்க வேண்டாமாடி?" என்றேன். "இல்லம்மா, அங்கே பகலிலேதான் வானம் செம்மண் நிறம். காத்திலே இருக்கிற பொடித் தூசியாலே அஸ்தமனத்திலே சூரியனைச் சுத்தி நீலமாத் தெரியும். அங்கே போன கலமே போட்டோ எடுத்து அனுப்பியிருக்கு" என்றாள். அங்கே நம் எடை நூற்றுக்கு 38 பங்குதானாம். 25 கிலோ அரிசிச் சிப்பத்தை ஒன்பதரை கிலோ மாதிரி தூக்கிவிடலாம். அப்படியானால் அங்கே ஒருத்தி நடக்கும்போது புடவைக் கொசுவம் எப்படி ஆடும் என்று அதற்கும் ஒரு யோசனை. அதனால் சகோதரி, உங்கள் பெண் விஞ்ஞானப் பாடத்தையும் விலங்கியலையும் இனிமேல் வேண்டாம் என்று ஒதுக்கினால் சம்மதிக்காதீர்கள்.

பண விஷயத்துக்கு வருகிறேன். இங்கேதான் அம்மாக்கள் கெட்டியாக இருக்க வேண்டும். முதல் வருஷம் ஒரு விளையாட்டுக் கம்பெனி ஆறு படம் கேட்டது. பாதிப் பணம் முதலில், பாதி பிறகு என்று வாய்ப்பேச்சு. படம் போயிற்று, மீதிப் பணம் இன்றுவரை வரவில்லை. காகிதத்தில் எதுவும் இல்லாததால் கேட்டு வாங்கவும் வழியில்லை. இப்போதெல்லாம் முன்பணம் வராமல் பேனாவைத் தொடுவதில்லை. எத்தனை திருத்தம் இலவசம், அதற்கு மேல் எவ்வளவு என்பதும் முன்கூட்டியே எழுத்தில் வந்துவிட வேண்டும்.

சட்டத்தில் ஒன்று பலருக்குத் தெரியாது. சும்மா தன் ஆசைக்கு வரைந்த படத்துக்கு உரிமையாளர் வரைந்தவர்தான். ஆனால் நம்முடைய 1957-ம் வருஷத்துக் காப்புரிமைச் சட்டப்படி, ஒருவர் கேட்டு, பணம் கொடுத்து வரையச் சொன்ன ஓவியத்துக்கு, வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாவிட்டால், பணம் கொடுத்தவரே முதல் உரிமையாளர். அதாவது ஒரு புத்தக அட்டைக்காக வாங்கின படத்தை அவர் காலண்டரிலும் பனியனிலும் போட்டாலும் நாம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். "இந்தப் புத்தகத்துக்கு மட்டும்" என்று ஒரு வரி முதலிலேயே எழுதி வாங்கினால் இந்தத் தொல்லை இல்லை. அந்த ஒரு வரிக்காகச் சண்டை போட என் பெண்ணுக்குக் கூச்சம். எனக்குக் கூச்சம் கிடையாது. கடிதத்தைப் படித்துப் பார்த்து "இதைச் சேர்த்தாயா?" என்று கேட்பது என் வேலை.

அப்புறம் சொந்தக்காரர்கள். "ரெண்டு நிமிஷத்திலே போட்டுடுவியே கண்ணு, பாப்பா பொறந்தநாளுக்கு ஒரு தேவதை!" என்பார்கள். எங்கள் வீட்டில் பேரக்குழந்தைகளுக்கு மட்டும் இலவசம். மற்றவர்களுக்கு நானே விலை சொல்லிவிடுகிறேன். கோபித்துக்கொண்டவர்கள் இருக்கிறார்கள், இருக்கட்டும்.

உடம்பைச் சொல்லாமல் விட்டால் இந்தப் பக்கத்துக்கு அழகில்லை. திரையைப் பார்க்கும்போது நாம் கண் சிமிட்டுவது குறைந்துவிடுகிறது. அதனால்தான் எரிச்சலும் வறட்சியும். 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை, 20 அடிக்கு அப்பால் இருக்கிற எதையாவது 20 விநாடி பார்க்கச் சொல்கிறார்கள் டாக்டர்கள். எங்கள் மாடியறை ஜன்னலை நான் மூடவிடுவதில்லை. எதிர்வீட்டுத் தென்னை நல்ல வைத்தியம்.

கை இன்னும் முக்கியம். போன வருஷம் அவளுக்குக் கட்டைவிரலின் அடியில், மணிக்கட்டுப் பக்கம், சுண்டி இழுக்கிற வலி. ஜாடி மூடியைத் திருக முடியவில்லை. கட்டைவிரலை அசைக்கிற தசைநாண்கள் போகிற பாதை வீங்கியிருக்கிறது, டி குவெர்வெயின் என்று அதற்குப் பெயர் என்றார் டாக்டர். பிறகு என்னைப் பார்த்து, "கைக்குழந்தை வைத்திருக்கிற அம்மாக்களுக்கும் இது ஜாஸ்தி வரும்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இரண்டாவது பிறந்தபோது எனக்கும் இதே வலிதான். வாயு என்று சொல்லி எண்ணெய் தடவிக்கொண்டு ஓட்டினேன். குழந்தையின் அக்குளில் இரண்டு கட்டைவிரலையும் விரித்துக் கொடுத்துத் தூக்குகிறோமே, அதுதான் காரணமாம். இளம் தாய்மார்கள் ஒரு கையைப் பிருஷ்டத்துக்கு அடியிலும் இன்னொன்றை முதுகு, கழுத்துக்குப் பின்னாலும் கொடுத்து அள்ளித் தூக்குங்கள். வலி ஒரு வாரத்துக்கு மேல் நின்றால் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். என் பெண்ணுக்குக் கட்டைவிரலோடு சேர்த்து ஒரு பட்டை போட்டு ஓய்வு கொடுத்ததில் சரியாயிற்று. அந்த ஆறு வாரம் வருமானம் பூஜ்யம். துண்டு வேலையில் இருக்கிற ஆபத்து அது. நல்ல மாதத்தில் வருகிற பணத்தில் மூன்று மாதச் செலவுக்கு எடுத்து ஒதுக்காமல் இந்தத் தொழிலுக்குள் இறங்கக் கூடாது.

"இப்போ கம்ப்யூட்டரே படம் போட்டுடுதே?" என்று அந்த அப்பா அடுத்ததாகக் கேட்பார். நியாயமான கேள்வி. நாலு வார்த்தை தட்டினால் படம் வந்து விழுகிறது. சின்னச் சின்ன வேலைகள் சில எங்கள் பெண் கையைவிட்டே போய்விட்டன. அதே சமயம், 2023-ல் அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் ஒரு சித்திரக்கதை விஷயத்தில், கதை எழுதினவரின் எழுத்துக்குப் பாதுகாப்பு உண்டு, இயந்திரம் தந்த படங்களுக்கு இல்லை என்று தீர்ப்பு சொன்னது. தன் விளையாட்டின் ராட்சசனை எவன் வேண்டுமானாலும் எடுத்துப் போட்டுக்கொள்ளலாம் என்றால் எந்தக் கம்பெனி சும்மா இருக்கும்? அதனால் மனுஷர் கையையே கேட்டு வருகிறவர்களும் இருக்கிறார்கள். போன வேலைகளை இது முழுக்க ஈடுகட்டிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன்.

ஆக, நான் பெண் பக்கம்தான். ஆனால் அப்பாவையும் விட்டுவிடாதீர்கள். அவர் கேட்பது முரட்டுத்தனமாக இருந்தாலும், கணக்குக் கேட்கிறார். சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசு கவின்கலைக் கல்லூரிகள் இருக்கின்றன. சென்னைக் கல்லூரி 1850-ல் ஆரம்பித்தது. பிளஸ் டூ முடித்தவர்கள் சேரலாம், வரைந்து காட்டுகிற தேர்வு உண்டு. அதில் ராட்சசனைக் கேட்க மாட்டார்கள். எதிரில் இருக்கிற பானையையோ ஆளையோ பார்த்து வரையச் சொல்வார்கள். அதனால் இன்றிலிருந்தே தினம் ஒரு மணி நேரம் வீட்டில் இருப்பதை வரையட்டும். அடுப்பு, செருப்பு, தூங்குகிற தாத்தா, எதுவானாலும் சரி. அதற்குச் சலித்துக்கொள்கிறாளா, இல்லை அதிலும் மூழ்கிப் போகிறாளா என்று அப்பாவையே கூட இருந்து பார்க்கச் சொல்லுங்கள்.

உங்கள் பெண் வரைந்த படங்களில் இரண்டை எனக்கு அனுப்பி வைக்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். என் பெண்ணும் பார்க்க ஆசையாக இருக்கிறாள். ஒன்று இறக்கை முளைத்த பாம்பாக இருக்கட்டும், இன்னொன்று உங்கள் வீட்டு அடுப்படி. பிரதி எடுத்து அனுப்புங்கள். மூலப்படத்தை மட்டும் யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள், எனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.