வரைகோலுக்கும் குடிக்கூலியா?

தீவாளிக்கு முன்னைத் திங்களில் சிவகாசிக் கடைத்தெருவில் நின்று வெடிப்பெட்டிகளின் மேலட்டைகளைச் சற்றே உற்று நோக்குங்கள். மருந்தை இடித்தவன் தமிழன். திரியைச் செருகியவள் தமிழச்சி. அட்டையை வெட்டியவனும் ஒட்டியவளும் சாத்தூர், வெம்பக்கோட்டை, விருதுநகர்ப் பக்கத்துச் சிற்றூர்களின் ஏழைத் தமிழ்மக்கள். ஆண்டுதோறும் வெடிவிபத்தில் கருகிச் சாகின்றவரும் அவரே. ஆனால், பெட்டியின் நெற்றியில் கொட்டை எழுத்தில் நிற்பது ஆங்கிலம், பக்கவாட்டில் இந்தி. தமிழ் எங்கேனும் இருந்தால் அஃது ஓரத்தில் எறும்பு ஊர்ந்தாற்போல் இருக்கும். 'வடநாட்டுச் சந்தைக்குப் போகும் சரக்கு, வேறென்ன செய்வது?' என்பர் முதலாளிமார். அவர்க்கு விடை பலகால் கூறப்பட்டுவிட்டது. ஈண்டு நாம் பார்க்கப்போவது அவ்வட்டை பிறக்கும் இடத்தை. அங்கேயும் தமிழன் அடிமையாகவே அமர்ந்திருக்கிறான் என்பதைப் பலர் அறியார்.

ஐய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்று மீண்டு, 1923இல் சிவகாசியில் அதனைத் தொடங்கினர். தீப்பெட்டிக்கு மேல்வில்லை வேண்டியிருந்தது. வில்லைக்கு அச்சு வேண்டியிருந்தது. அவ்வாறு வேரூன்றிய அச்சுத்தொழில் கல்லச்சாகி, மறுதோன்றி அச்சாகி, இன்று நாட்காட்டியும் நாட்குறிப்பும் பள்ளிப் பொத்தகமுமாக இந்தியா முழுமைக்கும் அடித்துக் கொடுக்கிறது. அதற்கு உயிர்கொடுத்தவர் ஓவியர். பக்கத்துக் கோவிற்பட்டியில் வாழ்ந்த கொண்டையராசு (1898–1976) நாடகத் திரைச்சீலை எழுதிப் பழகிய கையால் எழுதிய கடவுட் படங்கள் சிவகாசி அச்சகங்களின் வழியே எத்தனை இலக்கம் வீட்டுச் சுவர்களில் தொங்கின! அவர்தம் மாணாக்கர் கையும் அவ்வாறே உழைத்தது. அச்சகத்தார் படத்துக்கு ஒருமுறை விலை கொடுத்தனர். படம் ஆண்டுக்கணக்கில் மீள மீள அச்சேறியது. ஆயினும் ஒன்று சொல்ல வேண்டும். அவ்வோவியரின் வரைகோல் அவருடையதாக இருந்தது. நிறக்கலவை அவருடையதாக இருந்தது. வரைகோலை எடுக்கும்போதெல்லாம் அமெரிக்கனுக்குக் கட்டணம் கட்டினாரில்லை.

இன்று? வடிவமைப்பாளன் கணித்திரையின் முன் அமர்கிறான். திரையில் உள்ள கட்டளை அத்தனையும் ஆங்கிலம். அடோபு நிறுவனம் 2013 முதல் தன் புதிய மென்பொருள்களை ஒருமுறை விலைக்கு விற்பதை விட்டுவிட்டது. திங்கள்தோறும் அல்லது ஆண்டுதோறும் கட்டணம் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். கட்டுவதை நிறுத்தினால் வரைகருவி நின்றுபோகும். தன் கையால் வரைந்த படத்தைத் தானே திறந்து திருத்த, குடிக்கூலி கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டிய இழிநிலையை எந்தத் தச்சனாவது கொல்லனாவது பொறுப்பானா? உளிக்குத் திங்கட் கூலி உண்டா?

'நாங்கள் எங்கே கட்டுகிறோம்? திருட்டுப் படியை அன்றோ ஏற்றி வைத்திருக்கிறோம்!' என்று நகைக்கும் தம்பிமாரை அறிவோம். அந்நகைப்பில் நமக்கு உவப்பில்லை. திருட்டுப் படியில் பழகியவன் அக்கருவியை விட்டு வெளியேற முடியாதவன் ஆகிறான். நாளை அவன் பெரிய அச்சகத்திற்குப் போகும்போது, 'எனக்கு அது தவிர வேறு தெரியாது' என்கிறான். அச்சகம் முழுக்கட்டணம் கட்டுகிறது. கள்ளுக்கடைக்காரன் முதற்குவளையைச் சும்மா கொடுப்பதற்கும் இதற்கும் வேறுபாடு என்ன?

இதனினும் கொடியது எழுத்தின் கேடு. பேச்மேக்கர் என்னும் மென்பொருளின் கடைசிப் பதிப்பு 2001இல் வந்தது. அதைக் கட்டி அழும் சிற்றச்சகங்கள் இன்றும் நம்மிடையே உள்ளன. ஏனெனில் அவரிடம் உள்ள தமிழ் எழுத்துருக்கள் தமிழே அல்ல; ஆங்கில எழுத்தின்மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்திய பொய்முகங்கள். பாமினி என்னும் எழுத்துருவில் 'தமிழ்' என்று அடித்தால், கணினியின் வயிற்றில் பதிவது சே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியுமே! போர்வையை உருவினால் குப்பை. நம் சிறுநூல் ஒன்றை மறுபதிப்பிட எண்ணிப் பழைய கோப்பை அச்சகத்தில் கேட்டு வாங்கித் திறந்தபோது, நூற்றிருபது பக்கமும் இக்குப்பையாகவே விரிந்தது. அவ்வெழுத்துரு வைத்திருந்தவர் கடையை மூடிவிட்டிருந்தார். முழுநூலையும் மீண்டும் அடித்தோம். 1916இல் மறைமலையடிகள் தொடங்கிய இயக்கத்தின் வழிவந்தோர் வடசொல்லைக் களைய இத்துணை பாடுபடுகிறோம். சொல்லுக்கு அடியில் எழுத்தே ஆங்கிலமாய்க் கிடப்பதைக் காணாதிருந்தோம்!

ஒருங்குறியில் தமிழுக்குத் தனியிடம் 1991 முதலே உண்டு. தமிழ்நாட்டு அரசு 2010இல் அதனை ஏற்று ஆணையும் பிறப்பித்தது. ஆயினும் பழைய வரைகருவிகளில் ஒருங்குறித் தமிழை இட்டால் கொம்பு ஒருபுறமும் எழுத்து ஒருபுறமுமாகச் சிதறும். அதற்கு அஞ்சியே நம்மவர் பழைய பொய்முகத்தை விடாதிருக்கின்றனர்.

வழியில்லையா? உண்டு. கட்டற்ற மென்பொருள் என்பது அதன் பெயர். இசுடால்மன் என்னும் அமெரிக்கர் 1983இல் தொடங்கிய இயக்கம் அது. மென்பொருளை எதற்கும் பயன்படுத்தலாம், அதன் மூலநிரலைப் படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கும் வழங்கலாம். விலையின்மை அதன் சிறப்பன்று, தளையின்மையே சிறப்பு. ஓவியம் தீட்டக் கிரிட்டா, ஒளிப்படம் திருத்தக் கிம்ப்பு, கோட்டோவியத்துக்கு இங்க்சுகேப்பு, பக்கம் அமைக்க இசுகிரைபசு, முப்பரும உருவுக்குப் பிளெண்டர் எல்லாம் இவ்வகையின. இங்க்சுகேப்பிலும் புதிய இசுகிரைபசிலும் ஒருங்குறித் தமிழ் சிதறாது நிற்கிறது. மீரா இனிமை, முக்தா மலர், கட்டுமரம் (காட்டமரான்) முதலிய எழுத்துருக்கள் திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன. அச்சிட்டு விற்கவும் தடையில்லை.

'அதுவும் அயலான் செய்ததுதானே?' என வினவுவர் நம்முள் கடுந்தூயர். நன்று வினவினீர். கிரிட்டா என்பது சுவீடிய மொழியில் வண்ணச்சுண்ணக்கோல். தாம் விரும்பிய பெயரை இட்டுக்கொண்டனர். நாம் நம் மொழியில் அதன் கட்டளை அனைத்தையும் பெயர்த்துக்கொள்ள யாரிடமும் இசைவு கேட்க வேண்டியதில்லை. இரண்டாயிரத்தாம் ஆண்டையொட்டியே புலம்பெயர்ந்த ஈழத்தமிழரும் தமிழ்நாட்டு இளைஞரும் கூலி வாங்காது கேடிஈ என்னும் திரைத்தளத்தைத் தமிழாக்கிக் காட்டினர். அடோபின் கதவை அவ்வாறு தட்ட முடியுமா? அயலான் கிணறு வேறு. ஊர்ப்பொதுக் குளம் வேறு. குளத்தை வெட்டியவன் யாராயினும் நீர் நமக்கும் உரியது.

ஓவியத்துக்கும் இவ்வாறே உரிமம் உண்டு. படைப்பாக்கப் பொதுமங்கள் என்னும் அமைப்பு 2002இல் அதனை வகுத்தது. 'என் பெயரைச் சொல், படத்தைப் பயன்படுத்து, திருத்தினால் நீயும் அவ்வாறே பொதுவில் விடு' எனப் படைத்தவனே எழுதி வைக்கலாம். பிரெஞ்சு ஓவியர் தாவீது ரெவுவா 2014 முதல் கிரிட்டாவில் தீட்டிவரும் 'பெப்பர் அண்டு காரட்' படக்கதை படைப்பாக்கப் பொதும உரிமத்தில் உள்ளது. எவரும் மொழிபெயர்க்கலாம், அச்சிட்டு விற்கலாம், அவர் பெயரை மறைக்கலாகாது. பெயரில்லாமல் அடித்துத் தள்ளப்பட்ட எண்ணிறந்த நாட்காட்டிப் படங்களை நினைந்து பாருங்கள். அப்பெயர் எத்துணை அரியதென விளங்கும்.

இதுவொன்றும் வெள்ளையன் கற்றுத்தந்த பாடமன்று. பாரதியார் பாடல்களின் ஒலிபரப்பும் ஒலித்தட்டு உரிமையும் ஏவி. மெய்யப்பரிடம் இருந்த காலத்தில், அவற்றை மக்களுக்கு விடுக எனத் தமிழெழுத்தாளர் கிளர்ந்தெழுந்தனர். 1949இல் சென்னை அரசு உரிமையை ஏற்றது. மெய்யப்பரும் விலை பெறாது விட்டுக்கொடுத்தார். பாவாணர் நூல்களும் பின்னர் நாட்டுடைமையாயின. 2002இல் பிளெண்டர் மென்பொருளை அதன் முதலீட்டாளரிடமிருந்து மீட்க, பயன்படுத்துவோரே ஏழு கிழமையில் ஓரிலக்கம் யூரோ திரட்டினர். அன்று மீட்ட பிளெண்டரில் இலாத்துவியா என்னும் சிறுநாட்டார் ஆக்கிய 'புளோ' படம் 2025இல் ஆசுக்கர் பரிசு பெற்றது. அந்நாட்டு மக்கள்தொகை இருபது இலக்கத்திற்கும் கீழ். நாம் எட்டுக் கோடி!

குறையே இல்லை என்று பொய்யுரைக்க மாட்டோம். மறுதோன்றி அச்சுக்கு நீலம், கருஞ்சிவப்பு, மஞ்சள், கருப்பு என நான்கு நிறப்பிரிப்பு வேண்டும். கிம்ப்பு அதில் நெடுங்காலம் நொண்டியது. இன்றும் முழுநலம் பெறவில்லை. கிரிட்டா நேராகவே நானிறத்தில் தீட்டவிடும். இசுகிரைபசு அச்சகத்துக்கேற்ற நானிறக் கோப்பைத் தரும். இரண்டையும் இணைத்துப் பழகுதல் வேண்டும். ஆறு திங்கள் அல்லலுறும் கை. பின்பு கட்டணமும் கைவிலங்கும் இல்லை.

ஆண்டுதோறும் ஆடிப்பெருக்கன்று சிவகாசி அச்சகங்கள் வரும் ஆண்டின் நாட்காட்டித் தொகுப்புகளை வெளியிடுகின்றன. அடுத்த ஆடிப் பதினெட்டுக்குச் செல்லும் அன்பர்கள் தொகுப்பைக் கையிலெடுத்து மூன்று வினா கேளுங்கள்: இந்தத் தமிழ் எந்த எழுத்துருவில் உள்ளது? இந்தப் படத்தை வரைந்தவர் பெயர் எங்கே? எந்தக் கருவியில் வரைந்தார்? விடை கிடைக்கும் அச்சகத்தின் பெயரை எமக்கு எழுதுங்கள். இயக்கத்தின் அடுத்த நாட்காட்டியை அவரிடமே அடிப்போம்.