எங்கட பிள்ளைகளுக்கும் ஒரு கோச்சி வேணும்

கொஞ்சம் நீளமான பதிவு. பிள்ளைகள் உள்ளவர்கள் பொறுமையாக வாசியுங்கள்.

போன தவணையில் தரம் ஏழு வகுப்பில் ஒரு கேள்வி கேட்டோம். "கோச்சியில ஏறின ஆக்கள் கையை உயர்த்துங்க." முப்பத்தாறு பிள்ளைகளில் ஐந்து கைகள்தான் உயர்ந்தன. அதில் இரண்டு, கொழும்பில் வைத்தியசாலைக்குப் போன பயணம். கிண்ணியாப் பாலத்தால் போனால் சீனக்குடா ஸ்டேஷன் எட்டாத தூரமா? 1927இல் வந்த தண்டவாளம். நூறு வருஷம் ஆகப்போகிறது. எங்கள் பிள்ளைகளுக்கு அது கேற்றடியில் நின்று பார்க்கிற சாமானாகவே இருக்கிறது.

கல்விச் சுற்றுலா என்றால் நாங்கள் செய்வது எல்லோருக்கும் தெரியும். பஸ் பிடிப்போம், இரவு பதினொரு மணிக்குப் புறப்படுவோம், விடிய நுவரெலியா. பிள்ளைக்கு இத்தனை ஆயிரம் என்று அறிவித்த மறுநாளே வகுப்பில் சில முகங்கள் குனிந்துவிடும். "எனக்குக் காய்ச்சல் சேர், நான் வரல்ல" என்று ஒரு கிழமைக்கு முன்னமே சொல்கிற பிள்ளைக்கு என்ன காய்ச்சல் என்பது எங்களுக்குத் தெரியாதா? அடுத்தது பெண் பிள்ளைகள். இரவுப் பயணம் என்றதும் வாப்பா சம்மதக் கடிதத்தில் கையெழுத்து வைக்கமாட்டார். அவரைக் குறை சொல்ல வரவில்லை. 2021 நவம்பர் 23 குறிஞ்சாக்கேணியில் பாதை கவிழ்ந்து, பள்ளிக்கூடம் போன பிள்ளைகளைப் பறிகொடுத்த ஊர் இது. அந்தக் காலையை மறந்துவிட்டுக் கையெழுத்து வையுங்கள் என்று எந்த உம்மாவிடமும் கேட்க எங்களுக்கு வாய் வராது.

அதனால்தான் ஒரு சனிக்கிழமை வேறு மாதிரிச் செய்து பார்த்தோம். ஆசிரியர்கள் நான்கு பேர், கூட வர விரும்பிய உம்மாமார் ஆறு பேர், பிள்ளைகள் இருபத்தெட்டு. சீனக்குடாவில் காலைக் கோச்சி ஏறி கந்தளாயில் இறங்குவது. அவ்வளவுதான் திட்டம்.

கோச்சி வரும்வரை பிளாட்பாரத்தில் வைத்தே பாதிப் பாடம் முடிந்துவிட்டது. அந்த ஊரைச் சுற்றித்தானே பிரித்தானியர் தங்கள் கடற்படைக்காகக் கட்டிய எண்ணெய்த் தாங்கிகள், மொத்தம் 99. 1942 ஏப்ரல் 9 ஜப்பான் விமானங்கள் துறைமுகத்தைத் தாக்கியபோது ஒரு தாங்கி எரிந்துபோனதைச் சொன்னோம். 2022 ஜனவரி ஒப்பந்தத்தில் 14 தாங்கி இந்தியன் ஒயில் கம்பெனிக்கு, 24 எங்கள் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 61 இரண்டும் சேர்ந்த கம்பெனிக்கு என்று பிரிந்ததையும் சொன்னோம். ஒரு பிள்ளை விரலை மடக்கிக் கூட்டிப் பார்த்து, "சரிதான் சேர், தொண்ணூத்தொன்பது வருது" என்றது. கரும்பலகையில் எழுதியிருந்தால் கூட்டிப் பார்த்திருக்குமா தெரியாது.

தம்பலகாமத்தில் இரண்டு பக்கமும் வயல். முள்ளிப்பொத்தானை தாண்டும்வரை ஒருவரும் இருக்கையில் இருக்கவில்லை. (கதவடியில் நிற்கக்கூடாது என்று கத்திக் கத்தி எங்கள் தொண்டைதான் போனது.) கந்தளாய்க் குளக்கட்டில் நின்றபோது, வரும் வழியில் பார்த்த தம்பலகாமத்து வயலுக்குத் தண்ணீர் இந்தக் குளத்திலிருந்து போகிறது என்றோம். ஏழாம் நூற்றாண்டில் இரண்டாம் அக்கபோ மன்னன் கட்டிய குளம். 1986 ஏப்ரல் 20 விடியும் முன் அணை உடைந்து நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்ததைச் சொன்னதும் சத்தம் அடங்கிவிட்டது. கூட வந்த ஒரு உம்மா, தன் சாச்சி குடும்பம் அந்த வெள்ளத்தில் பட்ட பாட்டைச் சொன்னா. அதை நாங்கள் எந்தப் புத்தகத்திலிருந்து எடுப்பது?

ளுஹர் தொழுது, கட்டிக்கொண்டு போன சோற்றைச் சாப்பிட்டோம். பிறகுதான் கஷ்டம் தொடங்கியது. எங்களுக்குத் தோதான நேரத்துக்குத் திரும்பி வரக் கோச்சி இல்லை. நின்று நின்று பார்த்து, இரண்டு பஸ்களில் பிள்ளைகளைப் பிரித்து ஏற்றி, எண்ணி எண்ணி, மஃரிபுக்கு முன் ஊர் வந்து சேர்வதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

எங்கள் பாதையின் நேர அட்டவணை முழுக்கக் கொழும்புக்குப் போகிறவர்களின் நேரத்துக்குப் போட்டது. அவர்களுக்கு அது தேவை, இரவுத் தபால் ரயிலை யாரும் குறைக்கச் சொல்லவில்லை. ஆனால் திருகோணமலைக்கும் கந்தளாய்க்கும் இடையில் பகலில் போய்வர ஒரு சின்ன வண்டியாவது ஓடக்கூடாதா? எங்களில் சிலர் தர்கா நகர் கல்வியியற் கல்லூரியில் படித்தவர்கள். அளுத்கமையில் ஏறினால் கோட்டை வரைக்கும் கடல் கூடவே வரும். அது சுற்றுலாவுக்கென்று விட்ட ரயில் இல்லை. கந்தோருக்குப் போகிறவரும் மீன் கூடைக்காரரும் ஏறுகிற அதே மூன்றாம் வகுப்பில்தான் வெள்ளைக்காரனும் கமராவோடு நிற்பான். இங்கேயும் அப்படி ஒன்று ஓடினால் கந்தளாயிலிருந்து திருகோணமலைக்கு வேலைக்கு வருகிறவர் காலையில் வருவார், அதே வண்டியில் எங்கள் பிள்ளைகள் அந்தப் பக்கம் போவார்கள். கந்தளாய்ப் பிள்ளைகள் துறைமுகத்தையும் கோணேசர் மலையையும் பார்க்க வருவார்கள். மூன்று இனமும் ஒரே பெட்டியில் இருக்கிற பயணம் இந்த மாவட்டத்துக்கு வேண்டாமா?

நட்டம் வரும் என்பார்கள். முழு ரயில் யார் கேட்டது? இரண்டு பஸ்ஸை முதுகோடு முதுகு ஒட்டி இரும்புச் சக்கரம் பூட்டிய ரெயில் பஸ்ஸைக் கிழக்கில் ஓட்டியவர்கள்தானே ரயில்வேக்காரர்கள். யானை என்பார்கள். அது நியாயமான பயம். 2025 பெப்ரவரியில் மட்டக்களப்பிலிருந்து போன ரயில் மோதி ஆறு யானைகள் இறந்ததைப் பார்த்தோம். ஆனால் நாங்கள் கேட்பது பகல் வண்டி. கந்தளாயோடு நின்றால் அதற்கு அப்பால் கல்ஓயா வரைக்குமான காட்டுக்குள் போகவே தேவையில்லை.

ஊருக்குள்ளும் ஒரு பேச்சு இருக்கிறது. "கந்தளாயில என்ன கிடக்கு பார்க்க?" அன்று வந்த இருபத்தெட்டுப் பிள்ளைகளில் பதினேழு பெண் பிள்ளைகள். நுவரெலியாப் பயணத்துக்கு வந்தது நான்கு பேர்.

ரயில்வே திணைக்களத்துக்கும் மாவட்டச் செயலாளருக்கும் கொடுக்க ஒரு கடிதம் எழுதியிருக்கிறோம். தமிழ், சிங்களம் இரண்டிலும் இருக்கிறது. சனிக்கிழமையாவது காலையில் ஒரு வண்டி போய், அஸருக்கு முன் ஒரு வண்டி திரும்ப வேண்டும் என்பதுதான் அதில் உள்ள ஒரே கோரிக்கை. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளிவாசல் வாசலில் மேசை போட்டு இருப்போம். உம்மாமார் கையெழுத்து வைக்க வேண்டுமென்றால் பாடசாலை விடும் நேரம் கேற்றடிக்கு வாருங்கள், டீச்சர்மார் இருப்பார்கள். அடையாள அட்டை இலக்கம் தேவை, மறக்காமல் கொண்டு வாருங்கள். முள்ளிப்பொத்தானை, தம்பலகாமம் பக்கத்து ஆசிரியர்கள் யாராவது இதைப் பார்த்தால் உங்கள் ஊரிலும் ஒரு பிரதி வையுங்கள், அனுப்பிவிடுகிறோம்.