காண்டோருக்காக எடை குறைக்கும் துப்பாக்கிக் குண்டு!

கலிஃபோர்னியாவில் மான் வேட்டைக்குப் போனீங்கன்னா ஈயக் குண்டால சுட முடியாது. 2019 ஜூலை 1 முதல் எல்லா வேட்டைக்கும் இதுதான் சட்டம். காரணம், காண்டோர் கழுகு. 1982-ல் உலகத்திலேயே மிஞ்சியது 22 தான். ஈயக் குண்டு மானின் உடம்புக்குள்ள பொடிப்பொடியா சிதறும். வேட்டைக்காரர் காட்டில் விட்டுட்டுப் போற குடலைத் தின்னும் காண்டோருக்கு அந்தத் துகள்கள்தான் விஷம்.

மாற்று, செம்பு. ஆனா, அதுக்கு அடர்த்தி குறைவு. அதே எடையில் செஞ்சா குண்டு நீளமாகிடும். எல்லா துப்பாக்கிக் குழலும் அதைச் சரியா சுழற்றி அனுப்பாது. தவிர, பாய்ஞ்ச இடத்தில் செம்பு விரியணும்னா வேகம் வேணும். அதனால .308 ரைஃபிளில் 180 கிரெய்ன் ஈயக் குண்டு (சுமார் 11.7 கிராம்) போட்டவங்க பலர், செம்பில் 150, 165-னு இறங்குறாங்க. 'எடை குறைஞ்சா மான் விழுமா?' விழும். செம்பு சிதறாம, எடையை இழக்காம ஆழமா இறங்கும்.

நிஜமான தலைவலி .22 தான். முயல், அணிலுக்கான இந்தச் சின்னத் தோட்டாவில் ஈயமில்லாத வகைகள் கம்மி, விலையும் ஜாஸ்தி. புலம்பல் நியாயம்தான். ஆனா, சுட்டுப்போட்ட அணிலையும் காண்டோர் தின்னுமே!