வானத்தில் ஒரு மணி, தரையில் ஐந்து மணி

திருச்சிக்கும் சென்னைக்கும் வான்வழித் தூரம் சுமார் 300 கிலோமீட்டர். விமானம் ஒரு மணி நேரத்தில் போய்விடுகிறது. வேகம்தான்!

தா.பழூர்க்காரர் கணக்கே வேறு. சென்னை இருப்பது வடகிழக்கில். அவரோ முதலில் மேற்கே 80 கிலோமீட்டருக்கு மேல் திருச்சிக்குப் போகவேண்டும். அதற்கே இரண்டரை மணி நேரம். சோதனைகளுக்காக இரண்டு மணி முன்னதாக நிலையத்தில் இருக்கவேண்டும். பறந்து, இறங்கி, பெட்டியை எடுத்து வெளியே வருவதற்குள், ஊரிலிருந்து அதே நேரம் புறப்பட்ட பஸ் தாம்பரத்தை நெருங்கிவிடும். பணமும் மிச்சம்!

சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் பிழைக்கப் போகிறவர் என்ன செய்வார்? நள்ளிரவு விமானம் என்றால் வாடகைக் கார்தான். போகும்போதே கடன்.

2024-ல் திருச்சியில் புதிய முனையம் திறந்தார்கள். சந்தோஷம். விமான நேரத்தை ஒட்டி, ஜெயங்கொண்டம், தா.பழூர் வட்டாரத்திலிருந்து நிலைய வாசல்வரை பஸ்ஸும் விடட்டும்.