முதலில் கட்டிலை எண்ணுங்கள்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாள் காலை, எங்கள் தெருவில் பீடி சுற்றும் தங்கச்சி ஒருத்தி மகளையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். கையில் வழவழப்பான ஒரு நோட்டீஸ். பஸ் ஸ்டாண்டில் கொடுத்தார்களாம். "யக்கா, பிள்ளைய நர்சுக்குப் போடலாம்னு இருக்கோம். ஒரு வருசந்தான் படிப்பாம். முடிச்ச ஒடனே வேலையாம். நாளைக்கே அட்வான்ஸ் கெட்டணுமாம். நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க" என்றாள்.

நோட்டீஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு பெண்ணின் படம், நான்கு மாடிக் கட்டடம், மஞ்சள் நிறப் பேருந்து, நூறு சதவீத வேலைவாய்ப்பு. எந்த மருத்துவமனையில் பயிற்சி என்று ஓரிடத்திலும் இல்லை. நர்சிங் கவுன்சிலின் பெயரும் இல்லை. "பணம் கெட்டிராத தாயி, இப்பிடி உக்காரு" என்றேன்.

38 ஆண்டுகள் அரசு மருத்துவமனைகளில் நர்சாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். ஒவ்வொரு மே, ஜூன் மாதமும் எங்கள் வீட்டுத் திண்ணை இப்படித்தான் நிறையும். எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: எந்தக் காலேஜ் நல்ல காலேஜ்? நான் திருப்பிக் கேட்பதும் ஒன்றுதான்: அந்தக் காலேஜுக்கு எத்தனை கட்டில், அதில் எத்தனை பேர் படுத்திருக்கிறார்கள்?

பி.எஸ்சி. நர்சிங் நடத்தும் கல்லூரிக்குக் குறைந்தது 100 படுக்கை கொண்ட மருத்துவமனை சொந்தமாக இருக்க வேண்டும் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் விதி. காகிதத்தில் அது எல்லாருக்கும் இருக்கும். அதனால் கல்லூரி பார்க்கப் போகும் நாளில் ஆபீஸ் ரூமில் உட்கார்ந்துவிடாதீர்கள். நேரே மருத்துவமனைப் பக்கம் போங்கள். காலை பத்து மணிக்கு ஓ.பி. வாசலில் எத்தனை பேர் நிற்கிறார்கள்? வார்டுக் கட்டிலில் நோயாளி இருக்கிறாரா, விரிப்பு மட்டும் இருக்கிறதா? நேற்று எத்தனை பிரசவம் என்று லேபர் வார்டு வாசலில் நிற்கும் ஆயாவிடம் கேளுங்கள். அட்மிஷன் ஆபீசில் சொல்லும் கணக்கைவிட ஆயா சொல்லும் கணக்கு சரியாக இருக்கும்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு ஓர் இரவு காரணம். 1984. மதுரை பெரியாஸ்பத்திரி லேபர் வார்டில் நைட் டூட்டி. அப்போது எங்கள் படிப்பு மூன்றரை வருஷம், நான் கடைசி ஆறு மாதத்தில் இருந்தேன். ஆளுக்கு 20 பிரசவம் பார்த்து மிட்வைஃபரி கேஸ் புக்கில் சிஸ்டரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். மணி இரண்டு இருக்கும். பிரசவம் முடிந்து ஒரு மணி நேரமான ஓர் அம்மா கண்ணை மூடிக் கிடந்தாள். "தூங்குதா, எழுப்பாத" என்றார் துணைக்கு இருந்த கிழவி. பிள்ளை பெற்றவள் அமைதியாகக் கிடந்தால் கையைத் தொட்டுப் பார் என்று எங்கள் சிஸ்டர் பழக்கியிருந்தார். தொட்டேன். உள்ளங்கை ஈரமாக, ஜில்லென்று இருந்தது. நாடி நூல் மாதிரி ஓடியது. எண்ணினேன், 130. போர்வையை விலக்கினால் மெக்கின்டாஷ் ஷீட்டில் ரத்தம் தேங்கி, கட்டில் விளிம்பில் சொட்டிக்கொண்டிருந்தது.

பிரசவம் ஆனதும் கர்ப்பப்பை தேங்காய் மாதிரி இறுகி நிற்க வேண்டும். அடிவயிற்றில் கை வைத்தேன், பிசைந்த மாவு மாதிரிக் குழைந்து கிடந்தது. சிஸ்டரைக் கூப்பிட்டுக்கொண்டே அழுத்தித் தேய்க்க ஆரம்பித்தேன். அவர் ஓடி வந்து டிரிப்பில் ஆக்ஸிடோசின் ஏற்றினார். டாக்டர் வந்தார். என் கைக்கு அடியில் கர்ப்பப்பை மெல்ல மெல்ல இறுகியதை இன்றைக்கும் என் உள்ளங்கை மறக்கவில்லை. விடியும் நேரத்தில் அந்த அம்மா கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டாள். நான் பெரிய கெட்டிக்காரி என்பதால் அது நடக்கவில்லை. அந்த இரவுக்கு முன் பதினான்கு தாய்மார்களின் வயிற்றில் கை வைத்துப் பார்த்திருந்தேன். எது இறுக்கம், எது குழைவு என்று கைக்குத் தெரிந்திருந்தது. அவ்வளவுதான்.

பல வருஷம் கழித்து, நான் வார்டுப் பொறுப்பில் இருந்தபோது, பி.எஸ்சி. முடித்த ஒரு பெண் புதிதாக வந்து சேர்ந்தாள். தனியார் கல்லூரி, நல்ல மார்க். கேஸ் புக்கில் ஒரு கையெழுத்துகூடக் குறையவில்லை. முதல் நாள் லேபர் வார்டில் சுவரை ஒட்டியே நின்றாள். இரவு சாப்பாட்டு நேரத்தில் தனியாக வந்து அழுதாள். "மேடம், நான் ஒரு டெலிவரிகூடக் கிட்ட நின்னு பாத்ததில்ல. பொம்மையிலதான் காட்டுனாங்க. புக்க எங்களையே நெரப்பச் சொன்னாங்க" என்றாள். அவளைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. அவள் அப்பா வட்டிக்கு வாங்கி நான்கு வருஷம் கட்டிய பணத்துக்கு அந்தக் கல்லூரி கொடுத்தது ஒரு பொம்மை. ஆறு மாதம் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தோம். அருமையான நர்சாக வந்துவிட்டாள். ஆனால் அந்த ஆறு மாதம் அவள் கைக்குக் கீழே படுத்திருந்தவர்கள், வேறு எங்கும் போக வழியில்லாத ஏழைத் தாய்மார்கள்.

இனி விண்ணப்பத்துக்கு வருகிறேன். கவுன்சிலில் பதிவு செய்யக்கூடிய படிப்புகளில் பள்ளிப் படிப்பு முடித்ததும் நேரடியாகச் சேரக்கூடியவை மூன்று: இரண்டு வருஷ ஏ.என்.எம்., மூன்று வருஷ ஜி.என்.எம். டிப்ளமோ, நான்கு வருஷ பி.எஸ்சி. நர்சிங். ஆறு மாதம், ஒரு வருஷம் என்று விற்கப்படும் 'நர்சிங்' எதுவாக இருந்தாலும் அதை வைத்து நர்சாகப் பதிவு செய்ய முடியாது. மருத்துவமனை உதவியாளர் வேலை மரியாதையான வேலை. அதைக் குறை சொல்ல மாட்டேன். அதை நர்ஸ் படிப்பு என்று சொல்லிப் பணம் வாங்குவதுதான் மோசடி. கல்லூரிக்கு அங்கீகாரம் உண்டா என்பதைத் தமிழ்நாடு நர்சிங் கவுன்சிலின் பட்டியலில் பெயரைத் தேடி உறுதி செய்துகொள்ளுங்கள். கல்லூரி வாசலில் மாட்டியிருக்கும் போர்டை நம்ப வேண்டாம்.

பி.எஸ்சி.க்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் படித்திருக்க வேண்டும். மூன்றிலும் சேர்த்து 45 சதவீதம், பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 40. அந்த ஆண்டு டிசம்பர் 31-க்குள் 17 வயது முடிந்திருக்க வேண்டும். பிளஸ் ஒன்னில் உயிரியலை விட்டுவிட்டுக் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்த பிள்ளைகள் இரண்டு வருஷம் கழித்து என்னிடம் வந்து கண் கலங்கியிருக்கிறார்கள். பத்தாவது முடித்த பிள்ளை வீட்டில் இருந்தால் இதை இன்றைக்கே சொல்லிவையுங்கள்.

அரசுக் கல்லூரி இடங்களும், தனியார் கல்லூரிகளில் அரசு ஒதுக்கீட்டு இடங்களும் சென்னை கீழ்ப்பாக்கத்தில் இருக்கும் மருத்துவக் கல்வித் தேர்வுக் குழு வழியாக, பிளஸ் டூ மார்க் அடிப்படையில் நிரப்பப்படுகின்றன. விண்ணப்பம் ஆன்லைனில்தான். சாதிச் சான்று, வருமானச் சான்று, இருப்பிடச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று எல்லாவற்றுக்கும் இ-சேவை மையத்தில் முன்கூட்டியே விண்ணப்பித்துவிடுங்கள். கடைசி நாளுக்கு முந்தின நாள் தாலுகா ஆபீஸ் வாசலில் நிற்கும் கொடுமை வேண்டாம். ஆறாவது முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் பிள்ளைக்கு, 2022-இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். விடுதிப் பிள்ளைக்கு அது பெரிய காசு.

நீட்டில் மார்க் போய், "சரி, நர்சிங்காவது படிக்கட்டும்" என்று அழைத்து வரப்படும் பிள்ளைகளும் உண்டு. அந்த 'ஆவது' எனக்கு மிகவும் வலிக்கும். அது பிள்ளையின் மனசிலும் ஒட்டிக்கொள்ளும். முதல் வருஷம் பெட்பேன் எடுக்கும் நாளில், "டாக்டராக வேண்டிய நான்" என்று ஆரம்பித்துவிடும். நீட் எழுதியது வீண் என்று நினைக்கவும் வேண்டாம். புதுச்சேரி ஜிப்மரின் பி.எஸ்சி. நர்சிங்குக்கும், ராணுவ நர்சிங் சேவைப் படிப்புக்கும் நீட் மதிப்பெண்தான் பார்க்கிறார்கள். எய்ம்ஸுக்குத் தனி நுழைவுத் தேர்வு. ஆனால் எங்கே சேர்ந்தாலும், நோயாளியின் உடம்பைத் தொடக் கூசாத மனசு வேண்டும். அது இருக்கிறதா என்று பிள்ளைக்கே தெரியாது. தெரிந்த நர்ஸ் யாராவது இருந்தால் ஒருநாள் பக்கத்தில் உட்கார வைத்துப் பேசச் சொல்லுங்கள். பையன்களையும் அனுப்புங்கள். எலும்பு முறிவு வார்டிலும் தீவிர சிகிச்சையிலும் அவர்கள் தேவைப்படுகிறார்கள்.

படித்து முடித்ததும் முதல் வேலை, கவுன்சிலில் பதிவு. இரண்டாவது, வார்டு. முதல் இரண்டு வருஷம் சம்பளம் கொஞ்சம் குறைந்தாலும் பெரிய மருத்துவமனையில், கடினமான வார்டில் இருங்கள். பின்னால் வளைகுடாவுக்கோ இங்கிலாந்துக்கோ போவதாக இருந்தாலும், எத்தனை படுக்கை உள்ள மருத்துவமனையில், எந்த வார்டில், எத்தனை வருஷம் என்றுதான் கேட்பார்கள். அனுபவச் சான்றைக் கையில் வாங்காமல் ஒரு வேலையையும் விட்டு வராதீர்கள். அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைத்துக்கொண்டு 'பாண்டு' எழுதி வாங்கும் இடங்களில் சேராதீர்கள். அசலை வைத்துக்கொள்ள அவர்களுக்கு எந்த உரிமையும் கிடையாது.

வெளிநாட்டுக் கனவு தப்பில்லை. ஜெர்மனியில் நர்சாக அங்கீகாரம் பெற ஜெர்மன் மொழியில் பி2 நிலை வேண்டும், இங்கிலாந்துக்கு ஐ.இ.எல்.டி.எஸ். அல்லது ஓ.இ.டி. ஆங்கிலத் தேர்வு, அமெரிக்காவுக்கு என்கிளெக்ஸ் என்ற நர்சிங் உரிமத் தேர்வு. மொழிதான் நம் பிள்ளைகளைத் தடுக்கிறது. முதல் வருஷத்திலேயே ஆங்கிலத்தைப் பேசிப் பழகத் தொடங்க வேண்டும். ஏஜெண்டிடம் நகையை அடகு வைத்துக் கொடுக்கும் முன், தமிழக அரசே நடத்தும் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தின் அறிவிப்புகளைப் பாருங்கள். 1978 முதல் இருக்கும் நிறுவனம் அது. பக்கத்து வீட்டுக்காரர்களுக்குக்கூட அதன் பெயர் தெரியாதது எனக்கு ஆச்சரியம்.

அரசு வேலைக்கு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் (எம்.ஆர்.பி.) நடத்தும் தேர்வு. ஆனால் சேர்ந்த அன்றே காலமுறை ஊதியம் கிடைத்துவிடும் என்று நம்பி வராதீர்கள். 2015 தேர்வில் வந்த பிள்ளைகள் மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் வேலை பார்த்தார்கள். 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் ஆயிரக்கணக்கில் உட்கார்ந்து போராடினார்கள். வேலையை விட்டுவிட்டுப் போராடலாமா என்று அன்று பலர் கேட்டார்கள். ஐ.சி.யு.வில் உயிரைப் பிடித்து வைக்கும் கைக்கு 7,700 ரூபாய் கொடுக்கலாமா என்று நான் கேட்டேன். தனியாரிலும் இதே கதைதான். நர்சுகளின் சம்பளம் பற்றி ஆராய 2016-இல் உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி மத்திய அரசு அமைத்த குழு, 50 படுக்கைக்கும் குறைவான சிறிய மருத்துவமனையிலேயே மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது, 200 படுக்கைக்கு மேல் என்றால் அரசு நர்சுக்கு நிகராகக் கொடுக்க வேண்டும் என்றது. கேரளத்து நர்சுகள் போராடி, 2018-இல் அங்கே குறைந்தபட்ச ஊதியத்தை உயர்த்த வைத்தார்கள். நம் ஊரில் பி.எஸ்சி. முடித்த பெண் அந்த 20,000-ஐ எட்டுவதற்கே எத்தனை வருஷம் ஆகிறது என்று பக்கத்து நர்சிங் ஹோமில் கேட்டுப் பாருங்கள்.

அரசுக்கு நான் வைக்கும் கோரிக்கை ஒன்று உண்டு. அண்ணா பல்கலைக்கழகம் ஒவ்வொரு பொறியியல் கல்லூரியின் தேர்ச்சி விகிதத்தையும் வெளியிடுகிறது. பெற்றோர் அதைப் பார்த்துக் கல்லூரியை எடுக்கிறார்கள். நர்சிங் கவுன்சிலிங்குக்கு முன்பும் அப்படி ஒரு பட்டியல் வரட்டும். கல்லூரிப் பெயருக்கு நேராக அதன் மருத்துவமனையில் எத்தனை கட்டில், கடந்த ஆண்டு எத்தனை பேர் உள்நோயாளிகள், எத்தனை பிரசவம், எத்தனை ஆசிரியர்கள் என்று நான்கு எண்கள் போதும். 2023-இல் மருத்துவக் கல்லூரிகளை ஒட்டி நாடு முழுக்க 157 புதிய நர்சிங் கல்லூரிகளுக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. மருத்துவக் கல்லூரியை ஒட்டி என்பது நல்ல முடிவு, நிறைந்த வார்டு பக்கத்திலேயே இருக்கும். அதே அளவுகோலைத் தனியாருக்கும் வைக்க வேண்டும். வார்டில் ஆள் இல்லாத கல்லூரிக்கு மாணவர் சேர்க்க அனுமதி எதற்கு?

என் தெருப் பிள்ளைக்குத் தேர்வுக் குழு விண்ணப்பம் போட்டாகிவிட்டது. உயிரியலில் 81 மார்க் வாங்கியிருக்கிறாள். போன வாரம் அவளையும் அவள் அம்மாவையும் கூட்டிக்கொண்டு இரண்டு கல்லூரிகளுக்குப் போனேன். ஒன்றில் ஓ.பி. வரிசை கேட்டுக்கு வெளியே நின்றது. இன்னொன்றில் வார்டு பூட்டியிருந்தது. சாவி யாரிடம் என்று கேட்டோம், காவலாளிக்கும் தெரியவில்லை. பஸ்ஸுக்கு மூன்று பேருக்கும் சேர்த்து நூறு ரூபாய்கூட ஆகவில்லை. உங்கள் பிள்ளைக்குப் பணம் கட்டுவதற்கு முன் அந்த நூறு ரூபாயைச் செலவழித்து, வார்டுக்குள் ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு வாருங்கள்.