சேதுக்கரையில் சொல்லாத பெயர்

கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் ஒன்றுகூடிக் களனி கங்கையாய்ப் பெருகும் பொல்பிட்டியப் பக்கத்தில் வாழும் நமக்குத் தீர்த்தத்தின் பெருமையை எவரும் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. சிவனொளிபாத மலைச்சாரலில் பிறந்த நீர் நம் வாயிற்புறத்திலேயே ஓடுகின்றது. இருந்தபோதிலும், கண் மூடுவதற்குள் ஒரு முறை இராமேசுவரம் சென்று தீர்த்தமாடி வர வேண்டும் என்று ஏங்காத முதியோர் நம் தோட்டங்களில் அரியர். 2025 ஆகஸ்ட் விடுமுறையில் அத்தகைய மூதாட்டி ஒருவருடனும் அவர்தம் மகனுடனும் நாம் சென்று வந்த யாத்திரையை இவ்வாரம் நேயர்களுக்குக் கூறுவோம். லயத்தில் அனைவரும் அவரை அம்மாயி என்றே அழைப்பர். நாமும் அவ்வாறே குறிப்பிடுகிறோம்.

கட்டுநாயக்கவில் விமானமேறினால் மதுரை. மதுரையிலிருந்து இரயிலில் இராமேசுவரம். ஜன்னலோரம் அமர்ந்திருந்த அம்மாயி, பாம்பன் பாலத்துக்கு முன்பாக ஒரு சிறு நிலையத்தில் எழுதியிருந்த பெயரை மகனை வாசிக்கச் சொன்னார். 'மண்டபம் கேம்ப்' என்றிருந்தது. அம்மாயி இருந்த இடத்திலேயே கரங்குவித்தார். அங்கே கோபுரம் இல்லை. கோயிலும் கண்ணில் படவில்லை. ஆயினும் கண்டிச் சீமைக்கு ஆள்கட்டி அழைத்து வரப்பட்ட நம் முன்னோர் பல்லாயிரவர் இங்கிருந்த முகாமிலேதான் நிறுத்தி வைக்கப்பட்டு, நோய் உண்டா என்று சோதிக்கப்பட்டு, அம்மை குத்தப்பட்டுப் பின் அனுப்பப்பட்டனர். அம்மாயியின் தகப்பனாரும் அவர்களுள் ஒருவர்.

இங்கே ஒரு செய்தியைக் கூறியாக வேண்டும். பாம்பன் இரயில் பாலமும், தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையிலான கப்பல் சேவையும் 1914ஆம் ஆண்டு தொடங்கின. அந்நாளில் பாம்பனைக் கடந்ததும் இருப்புப் பாதை இரண்டாகப் பிரிந்தது: ஒன்று இராமேசுவரத்துக்கு, மற்றொன்று தனுஷ்கோடித் துறைக்கு. கூலிக்கு வந்தோரை ஏற்றிய வண்டி தனுஷ்கோடிக்கே சென்றது. ஆகவே, இந்தியா முழுவதிலுமிருந்து மக்கள் நாடி வரும் இராமநாதசுவாமி சந்நிதிக்குச் சில மைல் தொலைவிலே சென்றும், தரிசனம் செய்யாமலே கடல் கடந்தோர் நம் பாட்டன்மார். "எங்கப்பாவுக்குக் கிடைக்காதது எனக்குக் கிடைக்குது தம்பி" என்றார் அம்மாயி. 2025 ஏப்ரல் 6ஆம் நாள் திறக்கப்பட்ட புதிய பாலத்தின் மீது எங்கள் வண்டி சென்றது.

இராமேசுவரம் பன்னிரு சோதிலிங்கத் தலங்களுள் ஒன்று. இராவண வதத்தின் பின் இராமபிரான் சிவபூசை செய்ய விழைந்தபோது, கைலை சென்ற அனுமன் வரத் தாமதமாகவே, சீதாபிராட்டி மணலால் பிடித்த லிங்கமே மூலவர் என்பது தல வரலாறு. பின்னர் அனுமன் கொணர்ந்த லிங்கத்துக்கே இன்றளவும் முதற்பூசை. தாமதித்து வந்தவனுக்கு முதல் மரியாதை தரும் தலம் இஃது என்பது நம் போன்றோர்க்கு ஆறுதல். சேதுபதி மன்னர்களின் திருப்பணியால் 18ஆம் நூற்றாண்டில் நிறைவெய்திய மூன்றாம் பிராகாரத்தின் தூண்கள் 1212 என்பர். ஒரு கோடியில் நின்று மறுகோடியை நோக்கினால், தூண் வரிசை ஒரு புள்ளியில் சென்று மறைவதைக் காணலாம்.

யாத்திரை செல்வோர்க்கு ஒரு குறிப்பு: முதலில் கிழக்கே கடலாகிய அக்கினி தீர்த்தத்தில் நீராடி, பின்பே ஆலயத்துள் 22 தீர்த்தங்களிலும் ஆடுதல் முறை. வாளியால் இறைத்துத் தலையில் ஊற்றுவர். கல் தரை வழுக்கும். முதியோரைக் கைப்பிடித்துச் செல்க. ஈர உடையுடன் மூலவரைத் தரிசிக்க இயலாது; மாற்றுடை அவசியம்.

நிற்க. அக்கினி தீர்த்தக் கரையில் நிகழ்ந்ததே இக்கட்டுரை எழுத நம்மைத் தூண்டியது. பிதுர்க் கடன் செய்ய மகன் அமர்ந்தார். புரோகிதர் இறந்தோர் பெயர்களைக் கேட்க, அம்மாயி பின்னின்று ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார்: கணவர், மாமனார், தாய், தந்தை. "வேறு எவரேனும் உண்டா?" என்றார் புரோகிதர். மகன் தாயை ஏறிட்டு நோக்கினார். அம்மாயி உடனே விடை கூறவில்லை.

அவருக்கு ஓர் அக்காள் உண்டு. 1964 அக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தப்படி இந்தியாவுக்கென ஒதுக்கப்பட்ட 5,25,000 பேருள் அவரும் ஒருவர். மலையகத்தார் 'ஒப்பாரிக் கோச்சி' என்றழைத்த இரயிலில் 1973இல் தலைமன்னாருக்குப் போனவர். ஒப்பந்தமாகி இரண்டு மாதங்கள் நிறையுமுன்னரே, 1964 டிசம்பர் 22 இரவு வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்துவிட்டமையால், அக்காளை ஏற்றிய கப்பல் இராமேசுவரத்திலேயே கரையடைந்தது. மூன்று கடிதங்கள் வந்தன, பின்னர் ஒன்றுமில்லை.

"அவ பேரச் சொல்ல மாட்டேன் சாமி. அவ வந்து எறங்குன கரை இது. இருக்கான்னு நெனச்சுத்தான் குளிக்கிறேன்" என்று கூறி அம்மாயி கடலில் இறங்கினார். புரோகிதர் மறுவார்த்தை பேசவில்லை.

மாலையில் தனுஷ்கோடி சென்றோம். இடிந்த தேவாலயமும் இரயில் நிலையமும் மணலிடையே நிற்கின்றன. கப்பல் இல்லை; இராமேசுவரத்துக்கு மாறிய அச்சேவையும் 1984இல் நின்று போயிற்று. மண்டபம் முகாமோ, தாயகம் திரும்பியோரையும், 1983க்குப் பின் அகதிகளாய் வந்தோரையும் ஏற்றுக்கொண்டது. போனவர் தங்கியதும் மீண்டவர் தங்கியதும் ஒரே இடமே.

நம்மவரை அழைத்துச் செல்லும் யாத்திரைக் குழுக்கள் பெரும்பாலும் ஆலயத்தோடு திரும்பிவிடுகின்றன. மண்டபத்தையும் தனுஷ்கோடியையும் அவை தம் அட்டவணையில் சேர்க்க வேண்டுமென்பது நம் கோரிக்கை. பிறர்க்கு அவை வெறும் ஊர்கள். நமக்கோ மூதாதையர் காலடி பட்ட மண்.

நேயர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலிருந்து இந்தியாவுக்குப் போனவர் பெயர், அவர் வாழ்ந்த தோட்டம், புறப்பட்ட ஆண்டு, கடைசிக் கடிதத்தின் முகவரி ஆகியவற்றை முதியோர் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள். தாயகம் திரும்பியோர் பலர்க்கு நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்களிலே வேலை கிடைத்தது. அம்மாயியின் தகரப் பெட்டியில் இருக்கும் மூன்றாம் கடிதத்தில் கூடலூர் முத்திரை தெரிகின்றது. அடுத்த விடுமுறையில் அங்கே சென்று விசாரிக்க அவர் மகன் உறுதி பூண்டுள்ளார். நாமும் உடன் செல்வோம்.