மலைக்கு நம் லீவு தெரியாது



சென்ற வாரம் காலை நடையை முடித்துவிட்டு காந்தி சிலைக்கு எதிரே வழக்கம்போல உட்கார்ந்திருந்தோம். எங்கள் குழுவில் ஒருவர் கொதித்துக்கொண்டிருந்தார். பிப்ரவரியில் மகன் குடும்பத்தோடு மூணாறு போனாராம். இரவிகுளம் தேசியப் பூங்கா மூடிக் கிடந்ததாம். "லீவு போட்டு, ரூம் போட்டு, இவ்வளவு தூரம் போனா கதவைச் சாத்தி வைச்சிருக்கான். ஆட்டுக்குப் பிரசவமாம்! மனுஷனை விட ஆடு பெரிசா?" என்றார். பக்கத்தில் இருந்தவர் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாதம் முதல் இ-பாஸ் கேட்பதைச் சொல்லி எண்ணெய் ஊற்றினார். எல்லோரும் தலையாட்டினோம். நான் வாய் திறக்கவில்லை. காரணம், அதே வார்த்தைகளை அதே கதவுக்கு முன் நானும் சொல்லியிருக்கிறேன். அன்று சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

எனக்கும் என் மனைவிக்கும் 1978ல் கல்யாணம். அவளுக்கு நீலக்குறிஞ்சி பார்க்க வேண்டும் என்று ஓர் ஆசை. பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மலைச்சரிவு முழுக்கப் பூக்கும் பூ. 1982ல் கைக்குழந்தை. 1994ல் அப்பா படுக்கையில். 2006ல் ஆபீஸில் தணிக்கை. "இன்னும் நாலு வருஷத்தில் ரிட்டையர் ஆகிடுவேன், அடுத்த தடவை நிச்சயம்" என்றேன். அடுத்த தடவை 2018. டிக்கெட் எல்லாம் எடுத்தாயிற்று. ஆகஸ்டில் கேரளத்தில் பெருவெள்ளம். மூணாறிலிருந்து இரவிகுளம் போகும் வழியில் இருந்த பெரியவரைப் பாலமே இடிந்து விழுந்துவிட்டது. நாலு குறிஞ்சி போயிற்று. மலைவாழ் மக்கள் குறிஞ்சி பூத்த கணக்கை வைத்து வயதைச் சொல்வதுண்டு என்பார்கள். எங்கள் வீட்டில் என் சால்ஜாப்புகளை அப்படி எண்ணலாம்.

மனசு கேட்காமல் 2019 பிப்ரவரியில், மதுரையில் ஒரு கல்யாணத்துக்குப் போன கையோடு, தேனி, போடி வழியாக மேலே ஏறிவிட்டோம். போடிமெட்டின் பதினேழு கொண்டை ஊசி வளைவுகளிலும் அவளுக்கு வாந்தி. போய் இறங்கினால் பூங்கா மூடியிருக்கிறது. விசாரிக்காமல் போனது என் தப்பு. ஆனால் கோபம் வந்தது காவலாளி மேல்தான். "பாண்டிச்சேரியில இருந்து வர்றோம்யா, வயசானவங்க" என்று சத்தம் போட்டேன். அவர் மலையாளம் கலந்த தமிழில் நிதானமாகச் சொன்னார்: "சாரே, உள்ளே பிரசவம் நடக்குது. நிங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் பிரசவ அறைக்குள்ளே ஆளை விடுமோ?" என் மனைவி சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஊர் திரும்பும்வரை முறைத்துக்கொண்டே வந்தேன்.

பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். வரையாடு நம் தமிழ்நாட்டின் மாநில விலங்கு. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையில் கிடையாது. மழைக்காலத்தில் கூடி, சுமார் ஆறு மாதம் சுமந்து, ஜனவரி, பிப்ரவரியில் குட்டி போடும். பெரும்பாலும் ஒரே குட்டிதான். இரவிகுளம் 97 சதுர கிலோமீட்டர். 1975ல் சரணாலயம், 1978ல் தேசியப் பூங்கா. 2025 கணக்கெடுப்பில் அங்கே மட்டும் எண்ணூறுக்கும் மேற்பட்ட வரையாடுகள். மனிதரைக் கண்டு அவ்வளவாக மிரளாமல் அவை சாலையோரம் மேய்கின்றன என்றால், தாயும் குட்டியுமாய் இருக்கும் வேளையில் அவற்றைத் தொந்தரவு செய்யாமல் விட்டதற்கு அதில் பங்கில்லையா? வருஷத்தில் பத்து மாதம் நமக்கு, இரண்டு மாதம் அவற்றுக்கு. நியாயமாகப் பார்த்தால் கணக்கு நம் பக்கம்தான் சாய்ந்திருக்கிறது.

புதுச்சேரிக்காரர்களான நமக்கு இது புரிய வேண்டும். நம் கடற்கரைச் சாலையில் மாலை ஆறு மணிக்குத் தடுப்பு வைத்தால் மறுநாள் காலை ஏழரை வரை வண்டி போக முடியாது. வெளியூர்க்காரர்கள் காரை நிறுத்திக்கொண்டு போலீஸ்காரரிடம் சண்டை போடுவதைப் பார்த்திருப்பீர்கள். "இவ்வளவு தூரம் வந்திருக்கோம்" என்பதுதான் அங்கும் வாதம். நாம் என்ன நினைக்கிறோம்? அந்தத் தடுப்பு இல்லாவிட்டால் இந்தக் கடற்கரையில் கிழவன் கிழவி நடக்க முடியுமா என்று. சனி ஞாயிறு கூட்டத்தில் நம் ஊர் படும் பாட்டைத் திட்டிவிட்டு, அடுத்தவர் மலைக்குப் போனதும் நாமே அந்தக் கூட்டமாகிவிடுகிறோம்.

என் கருத்து இதுதான்: நம் லீவுக்கு மலை திறக்கவில்லையே என்று கோபிப்பதை விட்டு, மலையின் மாதங்களைத் தெரிந்துகொண்டு நாம் கிளம்ப வேண்டும். பென்ஷன்காரனுக்கு எந்த மாதமும் லீவுதானே! இன்னும் மே மாதத்தையே ஏன் பிடித்துத் தொங்குகிறோம்?

இங்கே உள்ள பருவத்தை வைத்து அங்கே உள்ளதைக் கணிக்கவும் முடியாது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை நமக்கு வெயில், சாயங்காலம் என்றைக்காவது ஓர் இடி மழை. அங்கே அப்போதுதான் தென்மேற்குப் பருவமழை கொட்டும். நமக்கு மழை என்றால் ஐப்பசி, கார்த்திகை. பெஞ்சல் புயலில், 2024 நவம்பர் கடைசியில், இருபத்து நாலு மணி நேரத்தில் சுமார் 48 சென்டிமீட்டர் பெய்து ரெயின்போ நகர் மிதந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். நமக்குத் தண்ணீர் வீட்டுக்குள் வரும்; மாடிக்கு ஏறினால் தப்பலாம். மலையில் மண்ணே இறங்கி வரும்.

சும்மா சொல்லவில்லை. 2019 ஏப்ரல் கடைசியில் நாங்கள் மறுபடியும் போனோம், இந்த முறை விசாரித்துக்கொண்டு. ராஜமலை போகும் வழியில் கேரட் விற்ற ஓர் அம்மாளோடு என் மனைவி பேச்சுக் கொடுத்தாள். கயத்தாறுப் பக்கத்திலிருந்து தாத்தா காலத்தில் தேயிலை பறிக்க வந்த குடும்பமாம். "வெயில்ல வாங்க, பனியில வாங்க. மழையில மட்டும் வராதீங்கம்மா, எங்களுக்கே பயமாத்தான் இருக்கும்" என்றார். அடுத்த வருஷம், 2020 ஆகஸ்ட் 6 இரவு, ராஜமலைக்கு அருகே பெட்டிமுடியில் மலை சரிந்து தொழிலாளர் லயங்களை மூடியது. எழுபது பேர். பெரும்பாலும் தமிழ்க் குடும்பங்கள். பேப்பரைப் படித்துவிட்டு என் மனைவி அந்த அம்மாளைப் பற்றித்தான் கேட்டாள். எனக்குப் பதில் இல்லை. "மழையில் மூணாறு சூப்பரா இருக்கும்" என்று வாட்ஸப்பில் யார் அனுப்பினாலும் எனக்கு அந்தக் குரல்தான் கேட்கிறது.

நம் வயதுக்காரர்களுக்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். டிசம்பர், ஜனவரி வானம் தெளிவாக இருக்கும். ஆனால் விடியற்காலையில் புல்மேல் உறைபனி படியும் குளிர். ஆஸ்துமா, மூட்டுவலி உள்ளவர்கள் தவிர்க்கலாம். பிப்ரவரி, மார்ச் வரையாட்டுக்கு. மே மாதம் கூட்டத்துக்கு. நமக்கு ஏற்றது ஏப்ரலில் ஒரு வார நாள், அல்லது பெருமழை ஓய்ந்த செப்டம்பர் கடைசி. எப்போது போனாலும் திறந்திருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். டிக்கெட்டை முன்பே ஆன்லைனில் எடுத்துவிடுங்கள். பூங்காவின் பஸ்ஸே மேலே கொண்டுபோய் விடும். அப்புறம் தார்ச்சாலையில் கொஞ்ச தூரம் ஏற்றம். மெதுவாக நடந்தால் போதும். ஆனைமுடி 2695 மீட்டர், அதைக் கீழிருந்து பார்த்துக் கும்பிட்டால் போதும். மப்ளர், குடை, பிரஷர் மாத்திரை மறக்க வேண்டாம். ஆட்டுக்கு பிஸ்கட் கொடுக்க வேண்டாம்.

அந்த ஏப்ரலில் நாங்கள் பார்த்தோம். சாலைக்குப் பத்தடி மேலே ஒரு பாறை. தாய் மேய்ந்துகொண்டிருக்க, குட்டி அந்தப் பாறையில் ஏறுவதும் சறுக்குவதுமாக இருந்தது. "அன்னிக்கு உள்ளே பொறந்தது இதுதானோ என்னவோ" என்றாள் என் மனைவி. பிப்ரவரியில் நான் போட்ட சத்தம் நினைவுக்கு வந்து வெட்கமாக இருந்தது.

அடுத்த குறிஞ்சி 2030. அப்போது எனக்கு எழுபத்தொன்பது, அவளுக்கு எழுபத்தைந்து. ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை பூக்கும். மழை விட்டதும் போய், ஐப்பசி அடைமழைக்கு முன் ஊர் திரும்பிவிடலாம் என்று திட்டம். மூன்று வருஷமாக முட்டி ஆபரேஷனுக்கு மாட்டேன் என்று அடம்பிடித்தவள், போன மாதம் தானாகவே டாக்டரிடம் தேதி கேட்டு வந்திருக்கிறாள். இந்தத் தடவை நான் ஒன்றும் சால்ஜாப்பு சொல்லவில்லை.